சுவரில் கூட்டல் இரண்டு

மார்ச் 3, செவ்வாய்

காலையில் அப்பா தான் ஓட்டும் ஆலைக்காரரின் காரைக் கொண்டுவந்து நான் வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் விட்டார். அங்கே நாங்கள் அப்பாவும் மகனும் இல்லை. அவர் என்னைத் 'தம்பி' என்பார், நான் அவரை 'டிரைவரே' என்பேன். இது ஒர்க்ஷாப் முதலாளி போட்ட சட்டம் இல்லை, அப்பாவே போட்டது. மகன் வேலை பார்க்கிற இடத்தில் சலுகை எடுக்கிறார் என்று ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாதாம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் 'குட்டி' ஆகிவிடுவேன். இருபத்தைந்து வயதுக் குட்டி.

"சளிக்காரனுக்கு ஒரு வாரமா தும்மல் ஜாஸ்தி தம்பி. சமதரையிலயே தும்முறான்."

சளிக்காரன் என்பது கார். சாப்பிடும்போது அம்மா கேட்டாள், கார் எப்படித் தும்மும் என்று. டர்போ காற்றை அழுத்தி எஞ்சினுக்கு ஊட்டுகிறது, அளவு மீறி ஊட்டினால் உள்ளே சூடேறி பிஸ்டன் உருகிவிடும், அதைத் தடுக்கக் காற்றுக் குழாயில் முஷ்டியளவு ஒரு வால்வு உண்டு, மீறின காற்றை அது 'ப்ஸ்' என்று வெளியே துப்பும் என்றேன்.

"குக்கர் விசில் மாதிரியா?"

இரண்டு வருடமாக நான் வாடிக்கையாளர்களுக்கு நீட்டி முழக்கிச் சொல்வதை அம்மா மூன்று வார்த்தையில் முடித்துவிட்டாள்.

வால்வைக் கழற்றிக் காற்று ஏற்றிப் பார்த்தேன். ஸ்பிரிங் தொய்ந்துவிட்டது. 0.9 பார் அழுத்தத்தில் திறக்க வேண்டியது 0.7-லேயே திறக்கிறது. அழுத்தம் காட்டும் கேஜில் முள் 0.9 காட்டியது என்பது வேறு விஷயம். எங்கள் கேஜ் எப்போதும் புள்ளி இரண்டு கூட்டித்தான் காட்டும். சும்மா இருக்கும்போது பூஜ்யத்தில் நல்ல பிள்ளையாக நிற்கும், காற்று ஏறினால் பொய் சொல்லும். முதலாளி வேறு வாங்க மாட்டார். நான் வேலைக்குச் சேர்ந்த மாதமே பெஞ்சுக்கு மேலே சுவரில் கறுப்பு மார்க்கரால் பெரிதாக '+2' என்று எழுதிவைத்தேன். 0.9 வேண்டுமென்றால் முள்ளை 1.1-க்குக் கொண்டுபோ. இங்கே யாரும் கணக்குப் போடுவதில்லை, கை தானாகப் போகும்.

புது ஸ்பிரிங்குக்குச் சொல்லியாயிற்று. அதுவரை தும்மட்டும்.

மார்ச் 9, திங்கள்

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். நாலு நாள் லீவு. முதலாளி முகத்தைப் பார்த்தால் ஆபரேஷன் அவர் கண்ணில் செய்வதுபோல் இருந்தது.

மார்ச் 13, வெள்ளி

வேலைக்குப் போனேன். தவறான இடத்துக்கு வந்துவிட்டேனோ என்று ஒரு நிமிடம் வாசலிலேயே நின்றேன். வெள்ளையடித்திருக்கிறது. தரையில் எண்ணெய்க் கறை இல்லை. எல்லோருக்கும் நீலச் சட்டை. ஏதோ இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் புதன்கிழமை வந்து பார்த்துவிட்டு, 'அங்கீகரிக்கப்பட்டது' என்று பலகை கொடுத்துப் போயிருக்கிறார்கள். வாசலில் முதலாளி அதைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார்.

கழிப்பறைக் கதவுக்கு மட்டும் இன்னும் தாழ்ப்பாள் இல்லை. வந்தவர்களுக்கு அந்தப் பக்கம் அவசரம் வரவில்லை போலிருக்கிறது.

பெஞ்சை நகர்த்தச் சோம்பல் பட்டு அதற்கு மேல் கொஞ்சம் சுவரை அப்படியே விட்டிருக்கிறார்கள். என் '+2' தப்பித்தது.

மார்ச் 16, திங்கள்

ஸ்பிரிங் வந்தது. மதியம் முழுக்க அந்த வால்வுதான். தட்டு உட்காரும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு கறுப்பாக, அல்வாப் பதத்தில் ஒட்டியிருந்தது. கழுவி, மெருகுப் பசை தடவித் தேய்த்து, விரலுக்கு வழுவழுவென்று ஆகும்வரை விடவில்லை. புது ஸ்பிரிங்கைப் போட்டு, மேல் திருகைக் கால் சுற்று கால் சுற்றாக இறக்கினேன். முள் 1.1-இல் நிற்கும்போது சரியாகத் திறந்தது. மூன்று முறை பார்த்தேன், மூன்று முறையும் ஒரே இடம். பூட்டு நட்டை இறுக்கி மஞ்சள் பெயிண்ட் ஒரு சொட்டு வைத்தேன். நட்டை யாராவது திருப்பினால் பெயிண்ட் வெடித்துக் காட்டிக் கொடுக்கும். மஞ்சள் என் நிறம், சிவப்பு ஃபோர்மேனுடையது.

அப்பா சாயங்காலம் வண்டியெடுக்க வந்தார். பானெட்டுக்குள் குனிந்து பார்த்தார்.

"கையெழுத்துப் போட்டாச்சா தம்பி?"

"ஆச்சு டிரைவரே. இனிமே லேசுல தும்மாது."

இதை எழுதும்போது கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும். மாசத்தில் ஒரு நாள் ஒரு வேலை சுத்தமாக முடிகிறது.

மார்ச் 21, சனி

ஆலைக்காரரையும் அவருடைய விருந்தாளிகளையும் மலை பங்களாவுக்குக் கூட்டிக்கொண்டு அப்பா போயிருக்கிறார். அம்மாவுக்குச் சொட்டு மருந்து இன்றைக்கு என் முறை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு "போட்டுட்டியா?" என்கிறாள்.

மார்ச் 22, ஞாயிறு

எஞ்சின் போய்விட்டது. மலைப்பாதையில் இரண்டாவது வளைவு தாண்டி வெள்ளைப் புகை, டமால் என்று ஒரு அடி, அப்புறம் ஒன்றுமில்லை. யாருக்கும் காயம் இல்லை. ஆலைக்காரரின் விருந்தாளிகள் இரண்டு மணி நேரம் ரோட்டோரம் நின்றிருக்கிறார்கள். அதுதான் அவருக்குப் பெரிய காயம்.

அப்பா இழுவை வண்டியில் வந்து இறங்கினார். சட்டையில் கரி. என்ன ஆச்சு என்று கேட்டேன். "தெரியலப்பா" என்றார். அவர் எனக்கு 'அப்பா' போட்டுப் பேசினால் பேச்சை நிறுத்து என்று அர்த்தம்.

மார்ச் 23, திங்கள்

பிரித்தோம். மூன்றாவது பிஸ்டனில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை. உருகி ஒழுகியிருக்கிறது.

முதலாளி தலைக்கு மேல் நின்றார். "வால்வு?" என்று கேட்டார். ஃபோர்மேன் குனிந்து பார்த்து, மஞ்சள் வெடிக்கவில்லை என்றார். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"வால்வு சரியாத்தான் வச்சேன். மூணு தடவ பாத்து வச்சது" என்றேன்.

வால்வு சரி என்றால் மிச்சம் இருப்பது ஓட்டினவர். முதலாளி ரிப்போர்ட்டில் 'ஓட்டுநரின் முறையற்ற பயன்பாடு' என்று டைப் அடிக்கச் சொன்னார். வால்வு சோதனைக்கான கட்டத்தில் என் கையெழுத்து வேண்டும் என்றார்.

போட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

அப்பாவை ஆலைக்காரர் வேலையை விட்டு அனுப்பிவிட்டார். பத்தொன்பது வருடம். ஒரு பிளாஸ்டிக் பையில் அவருடைய முதுகுத் தலையணை, கண்ணாடி துடைக்கும் துணி, டார்ச் லைட். அவ்வளவுதான். சாவியை வாங்கிக்கொள்ள அந்த ஆள் வெளியேகூட வரவில்லையாம், வேலைக்காரப் பெண் வாங்கிப் போனாள். அந்த ஆளின் பிள்ளைகளை ஸ்கூலுக்குத் தூக்கிப்போய்த் தூக்கி வந்தவர் இவர். காய்ச்சலில் வாந்தியெடுத்தால் சீட்டைக் கழுவியவர் இவர்.

அதை யோசித்து நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அவரிடம் கத்தினேன்.

"ஏம்ப்பா அப்படி மிதிச்சே? அந்தாளு பின்னால உக்காந்து 'போ போ'ன்னா மிதிச்சுருவியா? வாயத் தொறந்து முடியாதுன்னு சொல்ல வராதா உனக்கு? பத்தொன்பது வருஷமா 'சரிங்கய்யா' தவிர ஒரு வார்த்த தெரியாதா?"

அம்மா பச்சைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அப்பா பையிலிருந்து டார்ச்சை எடுத்து எரிகிறதா என்று பார்த்தார். அணைத்தார்.

"ஆமா. மிதிச்சுட்டேன்" என்றார்.

மார்ச் 29, ஞாயிறு

சொட்டு மருந்து நாலு வேளையும் இப்போது அப்பாதான். மணி பார்த்துப் போடுகிறார். வீட்டில் எல்லாக் கதவின் கீலுக்கும் எண்ணெய் விட்டாயிற்று. இனி எண்ணெய் விட ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 2, வியாழன்

மூன்று இடத்தில் கேட்டாராம். ஏன் விட்டீங்க என்று கேட்கிறார்கள், உண்மையைச் சொல்கிறாராம். எஞ்சினை எரித்த டிரைவர். அம்பத்தெட்டு வயது.

நானும் அவரும் ஒரு தட்டைக் கழுவிவைப்பதற்குக்கூட ஒருவருக்கொருவர் காத்திருந்து வழி விடுகிறோம்.

ஏப்ரல் 8, புதன்

எழுத வேண்டும். எழுதிவிடுகிறேன்.

காலையில் வேறொரு வண்டி. காற்றுக் குழாயில் கசிவு பார்க்க, அழுத்தம் ஏற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வயர் மாற்றிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் எட்டிப் பார்த்தான்.

"எதுக்குடா 1.1 வரைக்கும் ஏத்துற? குழாய் பிச்சுக்கப்போவுது."

"கேஜ் ரெண்டு கூட்டில்ல காட்டும்."

"எந்தக் காலத்துல இருக்க நீ? அதச் சரிபண்ணிக் கொண்டாந்து ஒரு மாசம் ஆச்சு. இன்சூரன்ஸ்காரன் வர்றான்னு அனுப்பினாங்கல்ல."

கேஜைத் திருப்பினேன். பின்னால் ஒரு ஸ்டிக்கர். 'பரிசோதிக்கப்பட்டது. பிழை இல்லை.' தேதி மார்ச் 10. நான் ஆஸ்பத்திரியில் இருந்த நாள்.

அதே கேஜ். அதே கீறல் விழுந்த கண்ணாடி. மேலே சுவரில் என் கையெழுத்தில் +2.

ஆலைக்காரர் காரின் வால்வு இன்னும் தட்டில் கிடந்தது. எடுத்து மாட்டிக் காற்று ஏற்றினேன். 0.9. திறக்கவில்லை. 1.0. திறக்கவில்லை. 1.1-இல் திறந்தது. மூன்று முறையும் ஒரே இடம். எவ்வளவு சுத்தமான வேலை!

பிஸ்டனை உருக்கியது அப்பாவின் கால் இல்லை. என் கை.

அவரிடம் கத்தினேனே. அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேனே.

ஏப்ரல் 9, வியாழன்

அப்பாவிடம் சொன்னேன். துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கடைசித் துணியையும் கொடியில் போட்டு கிளிப் மாட்டின பிறகுதான் திரும்பினார்.

"தெரியும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"ரெண்டாவது வளைவுல திரும்பி மிதிச்சா தும்மணும். பதினோரு வருஷமா அங்க தும்முறான். அன்னிக்குத் தும்மல. இழுவ மட்டும் அப்படியே ஏறுது. கால எடுக்கணும்னு தோணிச்சு குட்டி. எடுத்திருக்கணும்."

"ஏன் எடுக்கல?"

"நீதான் இனிமே லேசுல தும்மாதுன்னு சொன்னியே. மஞ்சளும் இருந்துச்சு."

மலையில் நின்ற அந்த இரண்டு மணி நேரத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது, வால்வில்தான் ஏதோ கோளாறு என்று. கேஜ், ஸ்டிக்கர் எல்லாம் தெரியாது. என் கைக்கோளாறு என்பது தெரியும். அதனால்தான் 'மிதிச்சுட்டேன்' என்றார். நான் அவரிடம் கத்திக்கொண்டிருந்தபோதே அவருக்குத் தெரியும்.

"எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டினா கண்ணு மங்கிடும். உனக்கு இப்பத்தான் ஆரம்பம். எஞ்சின எரிச்ச டிரைவருக்கு வேற வேல இருக்கு. எஞ்சின எரிச்ச மெக்கானிக்க எவன் சேப்பான்? பேசாம இரு. முடிஞ்சுபோச்சு."

முடிஞ்சுபோச்சாம்.

ஏப்ரல் 10, வெள்ளி

ஃபோர்மேனிடம் போனேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "உங்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்டா. வெள்ளையடிக்கிற அவசரத்துல விட்டுப்போச்சு. செவுத்துல இருக்கறத எவனாவது அழிச்சிருப்பான்னு நினைச்சேன்."

எவனாவது.

முதலாளியிடமும் சொன்னேன். அவர் அறையின் கதவைச் சாத்தினார். அவர் கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. பலகை மாட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதைக் கழற்றச் சொல்கிறாயா என்று மெதுவாகக் கேட்டார். ரிப்போர்ட்டில் இருப்பது உன் கையெழுத்து, என்னுடையது இல்லை என்றார். அப்புறம், உன் அப்பாவே ஒத்துக்கொண்டார், உனக்கென்ன வந்தது என்றார்.

எனக்கென்ன வந்தது. ஒரு பலகை, ஒரு விருந்து, ஒரு ரிப்போர்ட். இவர்களுக்குள் எதுவும் உடையாமல் இருக்க எங்கள் வீட்டிலிருந்து ஒருத்தர் உடைந்தால் போதும். அதற்கும் நாங்களே சம்மதம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஏப்ரல் 18, சனி

எஞ்சின் மறுபடி சேர்ந்தது. வால்வை நான்தான் வைப்பேன் என்றேன், ஒருவரும் தடுக்கவில்லை. எங்கள் கேஜில் 0.9. டயர்க் கடையிலிருந்து இரவல் வாங்கின கேஜிலும் 0.9. பூட்டு நட்டை இறுக்கினேன். மஞ்சள் டப்பாவைத் திறந்து கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். மேலே ஆடை படிந்திருந்தது. குத்தி விலக்கி ஒரு சொட்டு வைத்தேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஆலைக்காரர் வீட்டுக்குப் போனேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

கேட்டுக்கு வெளியே நாற்பது நிமிடம். உள்ளே புது டிரைவர் ஒருவர் வேறு காரைக் கழுவிக்கொண்டிருந்தார், என் வயதுதான் இருக்கும். ஆலைக்காரர் செய்தித்தாளோடு வந்தார். கேட்டைத் திறக்கச் சொல்லவில்லை, கம்பி வழியாகத்தான் பேசினோம்.

எல்லாவற்றையும் சொன்னேன். கேஜ், சுவர், என் லீவு, என் கையெழுத்து. பாதி உண்மை சொல்லக் கூடாது என்று ஒரு வெறி. அப்பாவின்மேல் தப்பில்லை, அவர் அந்த வண்டியை மூச்சு மூச்சாக அறிந்தவர், தும்மல் வரவில்லை என்றுகூடக் கவனித்தவர் என்றேன். அதைப் பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் செய்தித்தாளை மடித்தார்.

"அப்ப, ஏதோ சரியில்லன்னு தெரிஞ்சேதான் எங்களை வச்சு ஓட்டியிருக்கார்?"

நான் கம்பியை விட்டுக் கையை எடுத்தேன்.

"மகன் பேரு கெட்டுடக் கூடாதுன்னு எங்கிட்ட பொய் வேற சொல்லியிருக்கார். இத்தனை வருஷம் நம்பினேன் தம்பி. நல்லவேளை, வந்து சொன்னீங்க."

நல்லவேளை என்றார். மரியாதையாக 'நீங்க' போட்டுச் சொன்னார்.

ஏப்ரல் 20, திங்கள்

ஆலைக்காரர் முதலாளிக்குப் போன் செய்திருக்கிறார். நீலச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். கிளம்புமுன் துணியில் தின்னர் நனைத்து '+2'-வைத் துடைத்தேன். முழுதும் போகவில்லை. சாம்பலாக நிற்கிறது.

வீட்டில் சொன்னேன். நேற்றுப் போனதையும் சேர்த்து. அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

அம்மாதான் பேசினாள். "அவர் உனக்குன்னு கொடுத்தது அது ஒண்ணுதான்டா. அதையும் கொண்டுபோய் அந்த ஆள் கையில கொடுத்துட்டு வந்திருக்க."

உண்மையைச் சொல்வது சரியா தப்பா என்று எனக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை. இப்போதும் இல்லை. ஆனால் யாருக்காகச் சொன்னேன்? அவருக்காகவா? இரண்டு வாரமாக எனக்குத் தொண்டையில் நின்றது இறங்கட்டும் என்றா?

ஏப்ரல் 30, வியாழன்

அப்பா என்னிடம் பேசி பத்து நாள் ஆகிறது. கோபமாக இருந்தால் பரவாயில்லை. இல்லை. தண்ணீர் கேட்டால் கொடுக்கிறார்.

மே 11, திங்கள்

அப்பாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. மலைப்பாதை தொடங்கும் இடத்தில் ஜல்லி உடைக்கும் கிரஷர். வெளியே போகும் லாரிகளை எண்ணி நோட்டில் எழுத வேண்டும். தகரக் கூண்டு, ஒரு ஸ்டூல், ஒரு பேனா. ஓட்டுகிற வேலையா என்று அம்மா கேட்டாள். ஓடுகிறதை எண்ணுகிற வேலை என்றார். அம்மா சிரித்தாள். நான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இருந்தேன்.

மே 20, புதன்

டயர்க் கடையில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள், பஞ்சர் பார்க்க. முதல் காரியமாக அவர்கள் கேஜைத் திருப்பிப் பார்த்தேன். கடைக்காரர், "என்ன, கேஜுக்கு ஜாதகம் பாக்கறியா?" என்றார்.

ஜூன் 6, சனி

அம்மாவுக்குக் கால் வலி. அப்பாவுக்குச் சாப்பாடு நான் கொண்டுபோனேன்.

கிரஷர் சத்தம் மதிய இடைவேளைக்கு நின்றிருந்தது. தகரக் கூண்டுக்குள் அடுப்புப்போல் சூடு. அப்பாவின் புருவம், காது மடல், நோட்டு எல்லாவற்றிலும் கல்மாவு. ஸ்டூலில் அந்த முதுகுத் தலையணை. நான் டிபன் கேரியரை ஓரமாக வைத்துவிட்டு, போவதா நிற்பதா என்று நின்றேன்.

அப்போது கார் வந்தது, சளிக்காரன். எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிட்டது. பேனா நின்றது. கண்ணாடி ஏற்றியிருந்தது, பின்னால் யார் இருந்தார்கள் என்று தெரியவில்லை. புது டிரைவர் எங்கள் பக்கம் பார்க்கவில்லை, பார்க்க ஒன்றுமில்லை. புழுதியைக் கிளப்பிக்கொண்டு மலையேறிப் போனது.

அப்பா தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். முதல் வளைவு. கியர் மாறியது. சத்தம் தேய்ந்தது. நானும் காதைக் கொடுத்தேன்.

மேலே, மரங்களுக்குப் பின்னால், இரண்டாவது வளைவில், 'ப்ஸ்'.

அவர் நோட்டில் விட்ட இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"சரியா வச்சிருக்கீங்க தம்பி."